கண்ணுக்குத் தெரியாத ஆறு

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்று சொல்வார்கள். அம்மி நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் முந்நூறு நானூறு பேரைச் சுமந்துகொண்டு போகும் ஆகாய விமானத்தைக் காற்று என்ன பாடு படுத்துகிறது என்பதைப் பற்றிச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கும்படி செய்தவர் எங்கள் தெருவில் இருக்கும் கணக்கு வாத்தியார்.

வாத்தியார் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. நியூயார்க்கில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு, லண்டன் வழியாகத் திரும்பி வந்தார். அமெரிக்கா போய் வந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதைகளில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"லண்டனில் தரையை விட்டுக் கிளம்பி, நியூயார்க்கில் தரையைத் தொட ஏழு மணி நாற்பது நிமிஷம். திரும்பி வரும்போது ஆறு மணி ஐந்து நிமிஷம். அதே தூரம், அதே மாதிரி விமானம். ஒன்றரை மணி நேரம் எங்கே ஸார் போயிற்று?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். தெரியாத கேள்வியைச் சமாளிக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது.

"பூமி சுழல்கிறதே, அதனாலோ என்னவோ?" என்றார்.

இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பூமி மட்டும் தனியாகச் சுழலுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கூடவே அழைத்துக்கொண்டு சுழல்கிறது. அப்படி இல்லாமல், விமானத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு பூமி மட்டும் கிழக்கு நோக்கிச் சுழலுமானால், நியூயார்க் நகரமே நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். மேற்கே போவதுதான் சீக்கிரத்தில் முடியும். வாத்தியாருடைய நோட்டுப் புத்தகமோ நேர்மாறாகச் சொல்கிறது. விடை, பூமியின் சுழற்சியில் நேராக இல்லை, காற்றில் இருக்கிறது.

ஆற்றில் பரிசல் போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெள்ளத்தோடு போனால் துடுப்பைத் தொட வேண்டியதில்லை. வெள்ளத்தை எதிர்த்துப் போனால் தோள்பட்டை கழன்றுவிடும். தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத இப்படிப்பட்ட ஆறுகள் ஓடுகின்றன. அகலம் சில நூறு கிலோமீட்டர். ஆழம் சில கிலோமீட்டர். நீளம் பல ஆயிரம் கிலோமீட்டர். பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓட்டம். வெப்பமான பூமத்திய ரேகைப் பக்கத்துக்கும் குளிர்ந்த துருவப் பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் பிறந்து, பூமியின் சுழற்சியால் திசை பெறுகிற ஓட்டம் இது. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் அதிகம். ஆகவே வேகமும் அதிகம். ஆங்கிலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். ஜெட் காற்றோட்டம் என்று நம் பாடப் புத்தகங்கள் எழுதுகின்றன. பிரயாணிகளின் பெரிய விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், 200 கிலோமீட்டர் வேகக் காற்றோடு சேர்ந்து போனால் தரைக்குக் கணக்கு 1,100. எதிர்த்துப் போனால் 700. வாத்தியாரின் ஒன்றரை மணி நேரம் போன இடம் இதுதான்.

அவருக்கு இவ்வளவு சொன்னால் போதும் என்றுதான் புத்தகத்தைத் திறந்தேன். ஆனால் இந்த ஆற்றின் சரித்திரம் என்னை லேசில் விடவில்லை.

ஜப்பானில், டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதெனோ என்ற இடத்தில், 1920-ல் மேல்வானத்தை ஆராய்வதற்கென்று ஒரு நிலையம் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் வாசபுரோ ஓயிஷி. அவருடைய வேலையைக் கேட்டால் சிறு பிள்ளை விளையாட்டு போல இருக்கும். பலூன் ஒன்றைப் பறக்க விடுவார். சர்வேக்காரர்கள் வைத்திருக்கும் தியோடலைட் கருவியின் வழியே அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்தக் கோணத்தில் எத்தனையாவது நிமிஷத்தில் பலூன் தெரிந்தது என்று குறித்துக்கொள்வார். பலூன் மேலே ஏறும் வேகம் தெரியும். ஆகையால் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டால், அந்த உயரத்தில் வீசும் காற்றின் வேகம் வந்துவிடும்.

1924-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, 9 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் வந்தது. நம் கடற்கரையைத் தாக்கும் கொடும்புயல்களில்கூட இந்த வேகம் அபூர்வம். தாதெனோவில் அன்று புயல் இல்லை. பலூன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வானம் தெளிவாகத்தானே இருக்க வேண்டும்? அமைதியான ஆகாயத்துக்குள்ளே ஒரு புயல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கணக்கை நம்பிவிடாமல் ஓயிஷி திரும்பத் திரும்பப் பலூன் விட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அளந்த பிறகு, 1926-ல் அறிக்கை வெளியிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அறிக்கையை அவர் எஸ்பெராந்தோ மொழியில் எழுதியிருந்தார்.

எஸ்பெராந்தோ எந்தத் தேசத்துக்கும் உரிய மொழி அல்ல. ஸாமென்ஹோஃப் என்ற கண் வைத்தியர், உலகத்து ஜனங்கள் ஒருவரோடொருவர் சண்டை போடாமல் பேசிக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில் உண்டாக்கி, 1887-ல் வெளியிட்ட மொழி. ஓயிஷி அதில் ஆழ்ந்த பற்றுள்ளவர். பிற்காலத்தில் ஜப்பானிய எஸ்பெராந்தோ கழகத்துக்கே தலைவராக இருந்தவர். ஜப்பானிய மொழியில் எழுதினால் வெளியுலகம் படிக்காது. உலகப் பொது மொழியில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டும். பாவம், எல்லோருக்கும் பொதுவான மொழி ஒருவருக்கும் வீட்டு மொழி இல்லை. வெளிநாட்டு வானிலை நிபுணர்கள் அந்த அறிக்கையைக் கண்டுகொள்ளவில்லை. 1939-ல் ஜெர்மனியில் ஒருவர் இந்தக் காற்றுக்குத் தம் மொழியில் பெயர் வைத்தார். தாதெனோவில் அதை அளந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

எழுத்தைப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு இது கொஞ்சம் வலிக்கிற விஷயம். படிக்கப்படாத பக்கம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு மனத்தாங்கல், அவ்வளவுதான். ஓயிஷியின் பக்கங்கள் படிக்கப்படாமல் இருந்ததற்கு விலை வேறு மாதிரி.

யுத்தம் வந்தது. 1944 நவம்பரில், டோக்கியோவுக்கு மேலே சுமார் 30,000 அடி உயரத்தில் வந்த அமெரிக்கக் குண்டு விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கின. விமானிகள் எதிர்பாராத வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள்; குறி வைத்த இடத்தில் குண்டுகள் விழவில்லை. ஜப்பானிய ராணுவமோ அதே காற்றை ஆயுதமாக்கியது. காகிதத்தை ஒட்டிப் பெரிய பெரிய பலூன்கள் செய்து, குண்டைக் கட்டி, 9,000-க்கும் மேற்பட்டவற்றைப் பசிபிக் மகாசமுத்திரத்தின் மேல் ஓடும் அந்த ஆற்றில் விட்டார்கள். காகிதம் ஒட்டியவர்களில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பலர். 1945 மே 5-ந் தேதி அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்துக் காட்டில் கிடந்த ஒரு பலூன் குண்டு வெடித்து, ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து குழந்தைகளும் மாண்டார்கள். மனிதர் சண்டை போடக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட மொழியில் எழுதிய காற்று, கடைசியில் இந்த வேலைக்குத்தான் முதலில் பயன்பட்டது.

யுத்தம் முடிந்த பிறகு பிரயாணிகளின் காலம் வந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்த சம்பவமும் அப்போதுதான் நடந்தது.

1947 ஆகஸ்டு 2. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவின் தலைநகரான போனஸ் ஐரிஸிலிருந்து, ஆண்டிஸ் மலைத்தொடருக்கு அப்பால் சிலி நாட்டின் தலைநகரான சாண்டியாகோவுக்கு, 'ஸ்டார் டஸ்ட்' என்ற விமானம் பிற்பகல் 1 மணி 46 நிமிஷத்துக்குக் கிளம்பியது. நட்சத்திரத் தூசி என்று அழகான பெயர். யுத்த காலத்து லங்காஸ்டர் குண்டு விமானத்தைப் பிரயாணிகளுக்காக மாற்றி அமைத்த லங்காஸ்ட்ரியன் ரகம். பிரிட்டிஷ் தென் அமெரிக்க விமானக் கம்பெனிக்குச் சொந்தம். பிரயாணிகள் 6 பேர், சிப்பந்திகள் 5 பேர். நமக்கு ஆகஸ்டு மாதம் வெயில், அங்கே குளிர்காலம். மேற்குக் காற்று முழு வேகத்தில் ஓடும் காலம். விமானம் போவதோ மேற்கே.

மலைகளை மேகம் மூடியிருந்தது. உயரே ஏறினால் மலைக்கும் பயமில்லை, மேகத்துக்கும் பயமில்லை என்று விமானி 24,000 அடிக்கு ஏறினார். கீழே தரை தெரியாதபோது அந்தக் காலத்து விமானிக்குத் துணை மூன்று: திசைகாட்டி, கடிகாரம், வேகமானி. இன்ன திசையில், இன்ன வேகத்தில், இவ்வளவு நேரம் பறந்தோம். ஆகையால் இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று கணக்குப் போட வேண்டியதுதான். வேகமானி காட்டுவது காற்றுக்குள் விமானத்தின் வேகத்தை. அந்தக் காற்றே பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குத் தெரியாது. பரிசல்காரனுக்குக் கரை தெரியும். தான் முன்னேறுகிறோமா இல்லையா என்று கரையைப் பார்த்துச் சொல்லிவிடுவான். மேகத்தின் மேலே பறப்பவனுக்குக் கரை ஏது?

மாலை 5 மணி 41 நிமிஷத்துக்குச் சாண்டியாகோ நிலையத்துக்கு மோர்ஸ் தந்தி வந்தது. 5 மணி 45 நிமிஷத்துக்கு வந்து சேர்வோம் என்றது. கடைசியில் 'ஸ்டெண்டெக்' என்று ஒரு சொல். நிலையத்தில் இருந்தவருக்குப் புரியவில்லை; திரும்பக் கேட்டார். அதே சொல் மறுபடி இரண்டு தடவை வேகமாக வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். நாசவேலை என்றார்கள் சிலர். வேற்றுக் கிரகத்தார் கொண்டு போய்விட்டார்கள் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். ஐம்பது வருஷம் இப்படியே போயிற்று.

1998-ல் ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த இரண்டு மலையேறிகள், துபுங்காதோ என்ற சிகரத்தின் பனியாற்றில் ஒரு விமான எஞ்சினைக் கண்டார்கள். சுற்றிலும் உலோகத் துண்டுகள், துணிக் கிழிசல்கள். 2000-ம் ஆண்டில் ராணுவத்தார் ஏறிப் போய்ச் சோதித்தார்கள். காற்று இறங்காத டயர் ஒன்றுகூட அங்கே கிடந்தது. சிதறல்கள் சிறு பரப்புக்குள்ளேயே இருந்தன. ஆகவே விமானம் வானத்தில் வெடிக்கவில்லை. எஞ்சின்கள் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததற்கும் அடையாளம் இருந்தது. நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம், மேகத்துக்குள்ளே நேரே மலையில் மோதியிருக்கிறது. சரிந்து விழுந்த பனி அதை மூடியது. பனியாறு அரை நூற்றாண்டு மெல்ல மெல்லச் சுமந்து வந்து, கீழே இறக்கி வைத்தது.

அந்த இடம் சாண்டியாகோவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரம். இதைப் படித்ததும் நானும் பென்சிலை எடுத்தேன். நாலு நிமிஷத்தில் வந்து சேர்வோம் என்று ஒரு விமானம் சொன்னால், ஊருக்கு முப்பது கிலோமீட்டருக்குள் வந்துவிட்டதாக அது நம்புகிறது என்று அர்த்தம். மலையெல்லாம் பின்னால் போயிற்று, இனிப் பள்ளத்தாக்கு, இறங்கலாம் என்று நம்புகிறது. உண்மையில் மலை முன்னால் இருந்தது. மணிக்கு 400 கிலோமீட்டர் போகிற விமானத்தை 160 கிலோமீட்டர் காற்று எதிர்ப்பதாக வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 240. ஒரு மணி நேரம் பறந்ததில் 160 கிலோமீட்டர் துண்டு விழுகிறது. விமானிக்கு அது தெரியாது. எதிர்க் காற்றால் நேரமாகிறது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நேரமாகிறது என்பதே தெரியாமல் இருந்ததுதான் அவர்களுக்கு வினையாயிற்று.

2000-ம் ஆண்டு நடந்த ஆர்ஜென்டின விமானப்படையின் விசாரணை, தலைமை விமானியின் மீது குற்றமில்லை என்று தீர்த்தது. ஐம்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு! மாண்டவர்களின் உறவினர் கொடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டு, பனியில் கிடைத்த எச்சங்கள் இன்னின்னாருடையவை என்று சிலரை அடையாளம் கண்டார்கள்.

ஓயிஷியின் அறிக்கையை உலகம் படித்திருந்தால் பதினொரு பேரும் பிழைத்திருப்பார்களா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. ஜப்பானின் மேலே அளந்த காற்று, அன்றைக்கு ஆண்டிஸின் மேலே எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடாது. ஆனால் இப்படி ஓர் ஆறு உண்டு என்பது விமானிகளுக்குப் பாலபாடமாகியிருந்தால், மேகத்துக்குள் இறங்குமுன் ஒரு தடவை சந்தேகப்பட இடம் இருந்திருக்கும். சந்தேகம் சில சமயம் உயிரைக் காப்பாற்றும். ராஸ்பி என்ற நிபுணரும் அவருடைய சகாக்களும் சிகாகோவிலிருந்து இந்தக் காற்றைப் பற்றி எழுதி, 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற பெயரை ஊரறியச் செய்தது எந்த வருஷம் என்கிறீர்கள்? அதே 1947.

அதன் பிறகு விஷயம் வேகமாகப் பரவியது. 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் கம்பெனியின் விமானம் ஒன்று, டோக்கியோவிலிருந்து ஹோனலூலுவுக்கு 25,000 அடி உயரத்தில் இந்தக் காற்றிலேயே ஏறி வந்தது. 18 மணி நேரப் பிரயாணம் பதினொன்றரை மணியில் முடிந்தது. கொன்ற ஆறே கூலி வாங்காத குதிரையாயிற்று. நம் நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை நிபுணர், தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் நம் தென்னிந்தியாவின் உச்சி வானத்தில் இன்னோர் ஆறு ஓடுவதை விளக்கி 1958-ல் கட்டுரை வெளியிட்டார். அது கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. ஆடி மாதத்தில் கீழே அம்மியை நகர்த்தும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர் எதிராக வேறொரு காற்று போய்க்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே இப்படி நடப்பதை அறியாமல் நாம் வேட்டி பறக்கிறதே என்று பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

இன்றைக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலே காற்றின் போக்கைப் பார்த்து விமானப் பாதைகளை வகுக்கிறார்கள். கிழக்கே வருகிறவர்களுக்கு ஆற்றின் நடுவே; மேற்கே போகிறவர்களுக்கு ஆற்றை ஒதுக்கி. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரயாணி விமானம் ஒன்று 4 மணி 56 நிமிஷத்தில் லண்டனுக்கு வந்து இறங்கியது. தரைக் கணக்கில் ஒலியின் வேகத்தையும் தாண்டிப் பறந்தது. ஆனாலும் காற்றுக்குள் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. சுற்றியிருந்த காற்றும் கூடவே அல்லவா ஓடிவந்தது?

இதனால் ஆறு பழகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆற்றின் கரையில் சுழல் இருப்பதுபோல, இந்தக் காற்றின் ஓரத்திலும் சுழல்கள் உண்டு. மேகமே இல்லாத வானத்தில் இருப்பதால் கண்ணாலும் தெரியாது. விமானத்திலுள்ள ராடாரும் காட்டாது. 1997 டிசம்பர் 28-ந் தேதி, டோக்கியோவிலிருந்து ஹோனலூலுவுக்கு, 1952-ல் வெற்றி கொண்டாடிய அதே வழியில் போன விமானம் இப்படியொரு சுழலில் சிக்கியது. பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி தூக்கி எறியப்பட்டு இறந்தார். பூமி சூடேறி வருவதால் இத்தகைய சுழல்கள் அதிகமாகின்றன என்கிறார்கள். 1979 முதல் 2020 வரை வட அட்லாண்டிக்கின் மேலே கடுமையான சுழல்களின் நேரம் 55 சதவீதம் கூடியிருப்பதாக இங்கிலாந்திலுள்ள ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2023-ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரு நாள் மாலை வாத்தியாரிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டார். ஸ்டார் டஸ்ட் கணக்கை மட்டும் நோட்டில் தாமே ஒரு தரம் போட்டுப் பார்த்தார்.

"பரீட்சையில் இந்த மாதிரி வரும் ஸார்," என்றார். "பையன் போட்ட வழி சரியாக இருக்கும். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. விடை மட்டும் தப்பு. என்னவென்று பார்த்தால், கேள்வித்தாளிலேயே ஓர் எண்ணை அச்சடிக்காமல் விட்டிருப்பார்கள். அந்தப் பையனுக்கு நான் முழு மார்க்கும் போட்டிருக்கிறேன்."

"அந்த விமானிக்கு மார்க்குப் போட ஐம்பத்து மூன்று வருஷம் ஆயிற்று," என்றேன்.

வாத்தியார் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு, "அந்த ஜப்பான்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டார்.

"1950-ல் காலமானார்."

"டோக்கியோ விமானம் அந்தக் காற்றில் ஏறி வந்தது 1952 என்றீர்களே?"

"ஆமாம்."

"இரண்டு வருஷம்," என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியார் அல்லவா, கழித்துப் பார்த்துவிட்டார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தெருவில் காற்று வீசிக்கொண்டிருந்தது.